கல்லுக்குள் மீன்... கனவுக்குள் மீன்!

கனவில் மீன் வந்தால் பணம் வரும் என்று பாட்டிமார்கள் பலன் சொல்வார்கள். லூயி அகாசி என்கிற இளைஞருக்கு மூன்று ராத்திரி தொடர்ந்து ஒரே மீன் கனவில் வந்தது. பணம் வரவில்லை. வந்திருந்தால் ரொம்பவே சந்தோஷப்பட்டிருப்பார். ஆசாமிக்கு அப்போது அவ்வளவு பண முடை!

1830-கள். இடம், பாரிஸ். ஸ்விட்சர்லாந்துக்காரரான அகாசி டாக்டருக்குப் படித்தவர். 'பிள்ளை ஊருக்கு வந்து போர்டு மாட்டி வைத்தியம் பார்ப்பான், நாலு காசு சேர்ப்பான்' என்று வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையோ கல்லில் பதிந்துபோன செத்த மீன்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போதாக்குறைக்கு, மீன்களைப் படம் வரைய ஓர் ஓவியரைச் சம்பளத்துக்கு வேறு வைத்திருந்தார். ஹம்போல்ட் என்ற பெரிய விஞ்ஞானி மனமிரங்கி ஆயிரம் ஃபிராங்க் கொடுத்திராவிட்டால், மூட்டை கட்டியிருக்க வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில் ஒரு கல் அவரைப் படாத பாடு படுத்தியது. உள்ளே மீன் இருக்கிறது, ஆனால் பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. இரண்டு வாரம் போராடி, 'போ, சனியனே' என்று ஓரமாக வைத்துவிட்டார். அன்று ராத்திரி கனவில் அந்த மீன் முழுசாக வந்தது! விழித்துக்கொண்டு யோசித்தால் மறந்து போச்சு. மறுநாள் ராத்திரியும் வந்தது, மறுபடி மறந்தது. மூன்றாம் நாள் மனுஷர் உஷாராகிவிட்டார். தலைமாட்டில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் மீன் ஆஜர். தூக்கக் கலக்கத்தில், இருட்டிலேயே கிறுக்கி வைத்தார். காலையில் பார்த்தால், 'இந்தக் கல்லில் இதெல்லாம் தெரியவே தெரியாதே' என்று நினைக்கிற சமாசாரமெல்லாம் படத்தில் இருந்தது. ஓடினார் மியூசியத்துக்கு. உளியை எடுத்துக் கல்லின் மேல் தோலைப் பெயர்த்தார். அச்சு அசலாக அதே மீன்!

இதைச் சொல்வது நானில்லை. 1885-ல் அவருடைய மனைவி எலிசபெத் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. மனைவிமார்கள் கணவன் பெருமையை அநாவசியமாகப் பேசும் வழக்கமில்லை என்பதால் நானும் நம்பிவிட்டேன்.

அந்த மீனின் பெயர் சைக்ளோபோமா. சொந்த ஊர், போல்கா. இந்தக் கட்டுரை அகாசியைப் பற்றியதல்ல, அந்த ஊரைப் பற்றியது.

வடக்கு இத்தாலியில் வெரோனா என்று ஒரு நகரம். ரோமியோ-ஜூலியட் ஊர். அதற்குப் பக்கத்து மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது போல்கா கிராமம். கடல் வாசனையே கிடையாது. ஆனால் மலையைத் தோண்டினால் திருக்கை, விலாங்கு, வௌவால் மாதிரி அகலமானது, ஊசி மாதிரி நீளமானது என்று விதவிதமாக மீன்! இதுவரை 200-க்கும் மேற்பட்ட ஜாதி மீன்களை எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழிக்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் பெஷாரா. மீன் கிடைக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுமார் 5 கோடி வருஷங்களுக்கு முன்னால் அங்கே டெத்திஸ் என்ற வெதுவெதுப்பான கடல் இருந்தது. பவளப் பாறைகளுக்குப் பக்கத்தில் அமைதியான உப்பங்கழி, கரையில் பனை ஜாதி மரங்கள். அந்தக் கடல் இப்போது இல்லை. அதை மூடிய பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. தெற்கே இருந்து நகர்ந்து வந்த இந்தியா ஆசியாவின் மேல் முட்டியதில்தான் ஒரு பக்கம் இமயமலை எழும்பியது. இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கா ஐரோப்பாவை நெருக்க, ஆல்ப்ஸ் எழும்பியது. அப்படி மேலே தூக்கப்பட்ட பழைய கடல் தரையின் ஒரு துணுக்குதான் போல்கா.

கடலில் கோடிக்கணக்கான மீன் செத்துப்போகிறது. எல்லாம் கல்லாகிறதா என்ன? நண்டு ஒரு வாய், புழு ஒரு வாய், மிச்சத்தை பாக்டீரியா... மறுவாரம் அட்ரஸ் இருக்காது. போல்காவில் நடந்தது வேறு. கழியின் அடித்தரையில் பிராணவாயு ரொம்பக் குறைவு. நண்டும் புழுவும் அங்கே பிழைக்க முடியாது. செத்து விழுந்த மீனைத் தொந்தரவு செய்ய ஆளில்லை. மாவு மாதிரியான சுண்ணாம்புச் சேறு மெல்ல மெல்ல மேலே படிந்து மூடியது. அப்பளக் கட்டு மாதிரி அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது. அதனால்தான் முள், செதில், துடுப்பின் நரம்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன. சில மீன்களில் உடம்பின் வரிகள்கூடத் தெரிகின்றன!

இருநூறு வருஷங்களுக்கு மேலாக அங்கே செராட்டோ என்றொரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக இந்தக் கல்லை உடைத்து வருகிறது. மலையைக் குடைந்து உள்ளே போய்ப் பாளம் பாளமாக எடுத்து வந்து, விளிம்பில் உளியை வைத்து அளவாக ஒரு தட்டு. பலாச்சுளை பிரிகிற மாதிரி கல் இரண்டாகப் பிரியும். பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது. இருந்தால், மீன் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், கண்ணாடியில் பார்க்கிற மாதிரி எதிரெதிராக ஒட்டிக்கொண்டிருக்கும். நம் ஊரில் தாத்தா, அப்பா, பிள்ளை என்று ஒரே ஆபீசில் வேலை பார்த்தால் நாற்பது வருஷ சர்வீசுக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுப்பார்கள். செராட்டோ குடும்பத்துக்கு விஞ்ஞானிகள் மீன் கொடுத்தார்கள். அங்கே கிடைத்த ஒரு மீனுக்கு செராட்டோஇக்திஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கல் மீன் மேல் மனிதனுக்கு வந்த மோகம் ரொம்பப் பழசு. 13-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போருக்குப் போன ஃபிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி, லெபனானில் சைடன் துறைமுகத்தில் தங்கியிருந்தபோது, யாரோ ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏடு ஏடாகப் பிரிகிற கல். பிரித்தால் உள்ளே மீன்! கண், முள், நிறம் எதிலும் குறையில்லை என்று கூட இருந்த பிரபு ஜ்வான்வீல் ஆச்சரியப்பட்டு எழுதி வைத்திருக்கிறார். யுத்தத்துக்கு வந்த இடத்தில் ராஜா கல்லைப் பிரித்து விளையாடியிருக்கிறார் பாருங்கள். லெபனான் மலைகளில் இன்றைக்கும் அந்த மாதிரி மீன் கிடைக்கிறது. போல்காவை விடப் பழசு.

ஏன் இந்த ஆசை? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். டைனோசர் எலும்பு என்று ஒன்றைக் கையில் கொடுத்தால், பக்கத்தில் ஒரு புரொபசர் நின்று 'இது இடது தொடை' என்று விளக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் அது வெறும் பாறாங்கல். மீனுக்கு அந்த அவஸ்தை இல்லை. தலை, கண், வால் என்று முழு ஆள் எதிரில் படுத்திருக்கிறார். மூன்று வயசுக் குழந்தைகூட 'மீன்' என்று சொல்லிவிடும். 5 கோடி வருஷம் என்கிற எண் நம் மண்டையில் ஏறுவதே இல்லை. ஆனால் பொரித்துத் தட்டில் வைத்த மாதிரி ஒரு மீனைப் பார்த்து, 'இதுவா?' என்று கேட்கும்போது, அடிவயிற்றில் லேசாக ஏதோ செய்கிறது.

வெரோனாவில் கஸோலா என்ற பிரபுவுக்கு அந்த 'ஏதோ' தலைக்கேறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில், மற்றவர்கள் சேர்த்து வைத்திருந்ததையும் வாங்கி, ஊரிலேயே பெரிய போல்கா மீன் சேகரத்தை வைத்திருந்தவர் அவர்தான். 1797-ல் நெப்போலியனின் படை வெரோனாவைப் பிடித்தது. பிடித்த படை சும்மா போகுமா? ஓவியம், சிலை, ஏட்டுச் சுவடி என்று இத்தாலி முழுக்க வாரிக்கொண்டிருந்தவர்கள், கஸோலாவின் மீன்களையும் விட்டுவைக்கவில்லை. சுமார் 600 கல்! பெட்டி கட்டி பாரிஸ் மியூசியத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நெப்போலியன் 1815-ல் தோற்ற பிறகு, வெனிஸிலிருந்து கொண்டுபோன வெண்கலக் குதிரைகள் ஊர் திரும்பின. மீன்கள் திரும்பவில்லை. இன்றும் பாரிஸில்தான் இருக்கின்றன. போல்கா மீனைப் பார்க்க அகாசி இத்தாலிக்கு ஓடாமல் பாரிஸ் மியூசியத்துக்கு ஓடியதன் ரகசியம் இப்போது புரிகிறதா?

அதற்குள், போன கையோடு ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. வோல்ட்டா என்ற பாதிரியார் (பேட்டரி வோல்ட்டா இல்லை, இவர் வேறு) வெரோனா மீன்களையெல்லாம் படம் போட்டு ஒரு தடிப் புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு நீள மூக்கு மீனுக்கு புளோக்கியஸ் என்று பெயர் வைத்தார். பெர்லினில் இருந்த புளோக் என்ற டாக்டருக்கு மரியாதை. இந்த புளோக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் ஊருக்கு வருகிறார்.

சரி, நமக்கு ஒன்று வாங்க முடியுமா? டிவி மேல் வைக்க?

போல்கா மீன் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். இத்தாலியில் மண்ணிலிருந்து வருகிற புதைபடிவம் எல்லாம் சர்க்கார் சொத்து. சட்டம் வருவதற்கு முன்னால் நாட்டைவிட்டு வெளியே போன பழைய கற்கள் சில ஏலத்தில் தலை காட்டும். 'புதுசாத் தோண்டினது சார், உங்களுக்காகப் பாதி விலை' என்று யாராவது கிட்டே வந்தால், எட்டிப் போவது உத்தமம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் தனியார் நிலத்துக் குவாரிகள் இருக்கின்றன. அங்கே நைட்டியா என்ற சின்ன மீன் கூறு கட்டாத குறையாகக் கிடைக்கிறது. சட்டப்படி விற்கிறார்கள், விலையும் சம்பளக்காரர் தாங்கக்கூடியதுதான். என்ன, அது கடல் மீன் இல்லை, ஏரி மீன். 'கெளுத்தியா, வஞ்சிரமா' என்று பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியலாம்.

என் நண்பர் ஒருவர் ஒரு கண்காட்சியில் கல் மீன் வாங்கினார். ஷோகேஸில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு வீடு துடைத்த அவர் மனைவி, தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். வால் துணியோடு வந்துவிட்டது! "கல்லு பத்திரமா இருக்குங்க, மீனுதான் போயிடுச்சு" என்றாராம் அந்த அம்மாள். பாதி நிஜம், பாதி பெயிண்ட். உடைந்த துடுப்பைத் தீட்டி முழுசாக்குவது, இரண்டு மீன் துண்டை ஒட்டி ஒரு மீனாக்குவது, அச்சில் வார்த்து எடுப்பது என்று இந்த வியாபாரத்தில் தினுசு தினுசாகக் கைவேலை உண்டு. ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் முக்கால்வாசி மோசடி பிடிபட்டுவிடும். பெயிண்ட் என்றால் தூரிகைக் கோடு தெரியும். அச்சில் வார்த்தது என்றால் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்.

ஏமாந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். 'அழகாக இருக்க வேண்டும்' என்று சேகரிப்பவர் ஆசைப்படுவதில் அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று ஒளிந்திருக்கிறது. கல் இரண்டாகப் பிரிகிறது அல்லவா? நன்றாக இருக்கிற பாதியை ஃபிரேம் போட்டுவிட்டு, மற்றதைக் கடாசிவிட்டால் என்ன ஆகும்? மீனின் ஒரு பக்கம் மட்டும் மிஞ்சும். ஒரு பக்கம் போதாதா என்றால், போதாது. அதனால் ஒரு பெரிய கேள்விக்கான பதில் 200 வருஷம் கண்ணெதிரில் இருந்தும் யாருக்கும் தெரியாமல் போனது.

கேள்வி இதுதான். நாக்கு மீன் பார்த்திருப்பீர்கள். தட்டையாக, மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்! பிறக்கும்போது அப்படியில்லை. குஞ்சாக இருக்கையில் மற்ற மீன் மாதிரிப் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து, உச்சந்தலையைத் தாண்டி, அடுத்த பக்கம் குடியேறிவிடும். டார்வின் வந்து, 'உயிர்கள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்தவை' என்று 1859-ல் சொன்னாரா, மைவார்ட் என்ற விஞ்ஞானி 1871-ல் ஒரு கிடுக்கிப்பிடி போட்டார்: 'கண் முழுசாக இந்தப் பக்கம் வந்தால் லாபம், சரி. கால்வாசி தூரம் நகர்ந்த கண்ணால் மீனுக்கு என்னய்யா பிரயோஜனம்? மணலில் புதைந்த கண் புதைந்த கண்தானே?' நியாயமான கேள்வி. டார்வின் அடுத்த வருஷமே தன் புத்தகத்தின் ஆறாம் பதிப்பில் சமாதானம் சொன்னார். மீன் குஞ்சு கீழ்க் கண்ணை மேலே திருப்ப முயன்று முயன்று... என்று. ஆனால் 'இதோ பார், பாதி வழியில் நிற்கிற மீன்' என்று எடுத்துக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் வந்த சிலர், 'கண் ஒரே தாவில் மாறியிருக்கும்' என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள்.

பாதி வழி மீன் எங்கே இருந்தது? போல்காவில். அதற்குப் பெயர் ஆம்ஃபிஸ்டியம் பாரடாக்ஸம். அந்தப் பெயரை 1835-ல் வைத்தவர் யார் தெரியுமோ? நம்ம கனவு ஆசாமி, அகாசி! 'பாரடாக்ஸம்' என்றால் முரணானது, விசித்திரமானது. ஏதோ உறுத்தியிருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. இந்த மீன் மட்டும் கனவிலும் வரவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. அகாசி பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டில் பெரிய புரொபசராகி, 1873-ல் சாகும்வரை டார்வினை ஏற்கவே இல்லை. டார்வினுக்குத் தேவைப்பட்ட சாட்சி, அகாசியின் கையிலேயே இருந்து நழுவியிருக்கிறது.

பிடித்தவர் மாட் ஃப்ரீட்மன். 2008-ல், சிகாகோவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, ஐரோப்பிய மியூசியங்களில் இருந்த பழைய போல்கா கற்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆம்ஃபிஸ்டியத்தின் ஒரு கல்லை ஸ்கேன் செய்து, கல்லுக்குள் மறைந்திருந்த மறுபக்க மண்டை ஓட்டையும் பார்த்தார். இரண்டு கண் குழியும் ஒரே உயரத்தில் இல்லை! ஒரு கண் நெற்றியை நோக்கி ஏறியிருக்கிறது, ஆனால் உச்சியைத் தாண்டவில்லை. 'கல் நசுங்கியதில் கோணிப்போயிருக்கும்' என்று தள்ளிவிட முடியாது. பல கற்களில் அதே மாதிரி. சரி, நடுவழியில் இருக்கும் குஞ்சோ என்றால், எலும்பெல்லாம் முற்றிய வளர்ந்த மீன். வியன்னா மியூசியத்தில் இருந்த இன்னொரு போல்கா மீனிலும் அதே கதை. அதற்கு ஹெட்டரோநெக்டிஸ், 'வேறு விதமாக நீந்துகிறவன்' என்று பெயர் வைத்தார். கால்வாசி, அரைவாசி நகர்ந்த கண்ணோடு மீன்கள் டெத்திஸ் கடலில் சௌக்கியமாகவே வாழ்ந்திருக்கின்றன. மைவார்ட் கேட்டு 137 வருஷம் கழித்து பதில்!

பாதிக் கண்ணால் என்ன பிரயோஜனம் என்பதற்கு இன்றைக்கும் உயிரோடு ஒரு சாட்சி இருக்கிறது. தட்டை மீன்களிலேயே ரொம்பப் பழைய பாணியில் இருக்கிற ஒன்று. அதன் கண் மறுபக்கம் முழுசாக வந்து சேரவில்லை, உச்சந்தலை விளிம்பிலேயே நின்றுவிட்டது. சிலதுக்கு இடது கண் நகரும், சிலதுக்கு வலது கண். போல்கா மீனிலும் இதே குழப்பம்தான். இந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர் செட்டோடஸ் எருமெய்.

எருமெய்? ஆமாம், நம்ம எருமைதான்! புளோக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அவர் பெர்லினில் உட்கார்ந்தபடி உலகத்து மீன்களையெல்லாம் வரவழைத்து எழுதியவர். தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார் இங்கிருந்து அவருக்கு மீன்கள் அனுப்பினார். நம் செம்படவர்கள் 'எருமை நாக்கு' என்று சொன்னது அப்படியே கப்பலேறிப் போய், புளோக் இறந்தபின் 1801-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் 'எருமெய்' என்று பதிவாகிவிட்டது. வெரோனா கல் மீனுக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே புளோக்தான், வெரோனாப் புதிருக்குச் சாட்சி சொல்லும் தரங்கம்பாடி மீனையும் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கூடையில் எருமை நாக்கு இருந்தது. பெரிய வாய், கோரைப் பல். ஒரு கண் பக்கவாட்டில், இன்னொன்று தலை விளிம்பில் 'வரட்டுமா, வேண்டாமா' என்று எட்டிப் பார்க்கிற மாதிரி. கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மீன்கார அம்மா கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"இன்னா சார், மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? கண்ணு எங்க இருந்தா இன்னா... வெட்டவா, முழுசா வோணுமா?"